சாய்ந்து நிற்கும் சுரம்

அத்தியாயம் பதினான்கு: இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே

பாட்டு முடிந்தது.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முனகியது. யாரோ இருமினார்கள். பிறகு மூன்று பென்சில்கள் தாளில் உரசும் ஓசை. அதில் ஒன்று சீக்கிரமே நின்றுவிட்டது.

ஓய்நிசா நெஞ்சில் கை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பேருக்கும் தலை வணங்கினாள். ஒரு துணியைப் பார்த்து வணங்குவது அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

“பதினேழு, நீ போகலாம். பதினெட்டு!” என்று குரல் கொடுத்தாள் தேர்வுக் குழுவின் செயலாளர் ஹோசியத் அக்கா. போகிற போக்கில் அவள் ஓய்நிசாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று யோசிக்க ஓய்நிசாவுக்குத் தெம்பில்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இனி ஒரு மணிக்குப் பலகையில் மதிப்பெண் ஒட்டுவார்கள். ஐந்து மணிக்கு மூன்று நடுவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். அப்போதுதான் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பிரிப்பார்கள். ஏழு மணிக்கு ரயில்.

அந்த ரயிலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து பத்துத் தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோகந்த் நகரில் கல்யாணத்துக்குப் பாட அனுமதி அட்டை வேண்டும். அட்டை இல்லாமல் பாடினால், ஒலிபெருக்கியிலிருந்து கீபோர்டு வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போன மாதம் அவளும் அவள் கணவன் இல்ஹோமும் பாடிக்கொண்டிருந்த வீட்டில் அதுதான் நடந்தது. மணப்பெண் முகத்திரையோடு குனிந்து குனிந்து மாமியார் வீட்டாரை வணங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏழாவது முறை குனிந்தபோது பாட்டு நின்றுவிட்டது.

அட்டைக்காக ஏற்கெனவே இரண்டு தடவை பாடிக் காட்டியாயிற்று. முதல் தடவை, நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ‘ரசனைக் குறைவு’ என்று இரண்டே வார்த்தையில் எழுதி அனுப்பினார்கள். யாருடைய ரசனை, எதைவிடக் குறைவு என்று கேட்டு இல்ஹோம் மூன்று நாள் அலைந்தான். பதில் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாவது தடவை, இலையுதிர் காலத்தில், குழுவுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். இனி யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை என்று சொல்லி ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். பாடுகிறவரின் குரல் அதில் ஒரு கோடாக ஓடும். பியானோவின் சுரங்கள் படிக்கட்டு மாதிரி வரைந்திருக்கும். கோடு படியில் நின்றால் மதிப்பெண். படிக்குக் கீழே நின்றால் வெட்டு.

இல்ஹோம் துள்ளிக் குதித்தான். “மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. இனிமே நியாயம்தான்!” என்றான்.

நியாயம் அவளை ஒரே ஒரு சுரத்தில் கவிழ்த்தது.

குழு எல்லோருக்கும் கொடுக்கும் பழைய பாட்டின் மூன்றாவது வரியில், குரல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் வரும் சுரம் அது. அவள் அப்பா ஹபிபுல்லா அதைச் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. “இந்த சுரம் நேரா நிக்காதும்மா. போகவா இருக்கவான்னு தெரியாம, கதவு நிலையில சாஞ்சு நிக்கிற பொண்ணு மாதிரி நிக்கும். அவளைப் பிடிச்சு நிமிர்த்திடாதே” என்பார். தான் வாசிக்கும் தந்தி வாத்தியமான தன்பூரின் நீண்ட கழுத்தில் சுற்றியிருக்கும் நரம்புக் கட்டுகளில் அந்த ஒன்றை மட்டும் மற்ற வாத்தியக்காரர்களைவிட மயிரிழை கீழே தள்ளிக் கட்டியிருப்பார்.

மெஷினுக்குச் சாய்ந்து நிற்பவர்களைப் பிடிக்கவில்லை. அவளுடைய கோடு ஒவ்வொரு முறையும் படிக்குக் கீழே போய் நின்றது.

ஆகவே, இந்த மூன்றாவது தடவைக்காக அவள் அந்தச் சுரத்தை நிமிர்த்தினாள். நாற்பது நாள். ஃபோனில் ஒரு செயலி. சுரம் சரியாக நின்றால் பச்சை விளக்கு எரியும், இல்லையென்றால் சிவப்பு. முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. மாவு பிசையும்போதும் துணி உலர்த்தும்போதும் அந்த ஒற்றை சுரத்தையே பாடிக்கொண்டிருந்தாள். முப்பதாவது நாள், ஃபோனைப் பார்க்காமலே பச்சை எரிகிறது என்று தெரிந்தது. அன்றைக்கு ஏனோ ஒரு வாய் சாப்பாடுகூட இறங்கவில்லை.

மூன்றாவது தடவையும் தவறினால் இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இல்ஹோம் அதற்கெல்லாம் காத்திருக்கத் தயாரில்லை. வெளிநாட்டில், கஸானில் சுவர் பூசும் வேலைக்குப் போகிற கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டான். ஏழு மணி ரயில் அந்தக் கூட்டத்தினுடையது. காலையில் அவள் கிளம்பும்போது அவனுடைய பைக்குப் பக்கத்தில் ஒரு புது ரொட்டி, துணியில் சுற்றியிருந்தது. பயணம் போகிறவன் ஒரு கடி கடித்துவிட்டு மீதியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போக வேண்டிய ரொட்டி. திரும்பி வந்துதான் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். அவர்கள் தெருவில் நான்கு வருஷமாகச் சுவரிலேயே தொங்கும் ரொட்டிகள் உண்டு.

*

ஒரு மணிக்குப் பலகையில் தாளை ஒட்டினார்கள்.

பதினேழு. எட்டு, நான்கு, எட்டு. மொத்தம் இருபது.

இருபத்தொன்று வேண்டும்.

ஓய்நிசா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மேல் வரியோடு குழப்பிக்கொண்டோமோ என்று கீழிருந்து மேலே ஒரு முறை எண்ணினாள். பக்கத்தில் ஒரு பெண் அவள் தோழியிடம், “ரெண்டு எட்டுக்கு நடுவுல ஒரு நாலாம். யாரு பெத்த பொண்ணோ பாவம், அந்த ஆளு தூங்கிக்கிட்டே போட்டிருப்பான்” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஓய்நிசா நேரே ஹோசியத் அக்காவின் அறைக்குப் போனாள். அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள்.

“அக்கா, அந்த நாலு போட்ட தாளை ஒரே ஒரு தடவை காட்டுங்க. எங்கே தப்புன்னு மட்டும் பாத்துக்கறேன். மெஷின்ல கோடு எங்கே விழுந்துச்சு?”

“மெஷினா?” ஹோசியத் அக்கா அவளையே பார்த்தாள். “என்ன பேசறே நீ? மெஷின் போன வாரமே பெட்டிக்குள்ள போயாச்சே!”

“மைக் இருந்ததே?”

“மைக் இருந்தா மெஷினா? அது உள்ள கேக்கறதுக்கு. இந்தத் தடவை மனுஷக் காதுதான். மூணு ஜோடிக் காது.”

ஓய்நிசா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “யாருமே சொல்லலையே?”

“பலகையில ஒட்டியிருந்தோம். நீங்க யாரும் மதிப்பெண்ணைத் தவிர வேற எதையும் படிக்கிறதில்லை.” அக்கா ஒரு உறையைத் திறந்து, ஒரு தாளை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு மேசைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

எண் பதினேழு. நான்கு. அதன் கீழே பென்சிலில் ஒரு வரி:

‘நல்ல தொண்டை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிருக்கிறது.’

எழுத்துகளின் வால்கள் தன்பூரின் கழுத்து மாதிரி நீண்டு அடுத்த வரிவரை இறங்கின. அந்த வால்களை அவள் ஆறு வயதில் அதே மாதிரி இழுத்து எழுதிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறாள்.

“அப்பா” என்றாள்.

“அவர்தான்.” ஹோசியத் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இலையுதிர் காலத்துல உன்னை மெஷின் கவுத்துச்சுன்னு நான்தான் போய் அவர்கிட்ட சொன்னேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். குளிர்காலம் பூரா கடுதாசி மேல கடுதாசி. காதால கேக்க வேண்டியதைக் கம்பியால கேக்கறாங்கன்னு மாகாணம் வரைக்கும் எழுதினாரு. கடைசியில தலைவரே சலிச்சுப்போய், ‘அப்ப நீங்களே வந்து உக்காந்து கேளுங்க உஸ்தாத்’னுட்டாரு. உனக்காகத்தான்டி, வேற யாருக்காக?”

ஓய்நிசா அந்தப் பென்சில் வரியை மறுபடி படித்தாள்.

பதினான்கு மாதமாக அவள் அப்பாவோடு பேசவில்லை. கீபோர்டு வாசிக்கும் பையனைக் கட்டிக்கொண்டு, அவனோடு மேடையேறி ஆட்டப் பாட்டுப் பாடியதில் வந்த சண்டை. ஒரு கல்யாணத்துக்குத் தற்செயலாக வந்த ஹபிபுல்லா, “இது பாட்டா? பிளாஸ்டிக் பூ” என்றார். இல்ஹோமும் விடவில்லை. “நானூறு பேர் ஆடினாங்க மாமா. நானூறு பேருக்கும் காது இல்லையா?” என்றான். “தாகத்துல இருக்கறவன் எதைக் கொடுத்தாலும் குடிப்பான்” என்று சொல்லிவிட்டு, பரிமாறிய சோற்றைத் தொடாமல் எழுந்து போனவர் அவர்.

“அவர் எழுந்திருப்பாருன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள் ஹோசியத் அக்கா. “சொந்தக்காரங்க பாடினா நடுவர் பென்சிலைக் கீழே வெச்சுட்டு எழுந்துடணும். அதுதான் விதி. பெயர் தெரியாது, ஆனா பெத்த பொண்ணோட குரல் தெரியாதா? மீதி ரெண்டு பேரோட மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்குவோம். பதினாலு போதும். உனக்குப் பதினாறு இருக்கு. ஆனா அந்த மனுஷன் அசையவே இல்லையே! நீ என்னடி பண்ணினே? அந்த மூணாவது வரியில யாரோ பாடற மாதிரி இருந்துச்சு.”

“நாற்பது நாள் பண்ணினேன் அக்கா” என்றாள் ஓய்நிசா.

ஹோசியத் அக்கா குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாரு. இப்பவும் ஒரு வழி இருக்கு. அஞ்சு மணிக்கு முன்னால நீ ஒரு தாள்ல எழுதிக் கொடு, ரெண்டாவது நடுவர் என் அப்பான்னு. இந்த நாலு செல்லாது. அட்டை உனக்கு.”

“அப்பாவுக்கு?”

“உறவுக்கு மதிப்பெண் போட்டவரை நாற்காலியில வெச்சிருக்க முடியாது.” சற்று நிறுத்தி, “நாற்காலி போனாப் போகுது. அது இல்ல விஷயம். ஹபிபுல்லாவுக்குச் சொந்தப் பொண்ணோட குரலே தெரியலையாம்னு கோகந்த் பூரா பேசும். அந்த மனுஷன்கிட்ட காதைத் தவிர வேற என்ன இருக்கு?” என்றாள்.

*

அக்கா சொன்ன வழிவரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஃபோனில் இல்ஹோம் நிதானமாகப் பேசினான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“ஒரு மதிப்பெண்ணா?”

“ஒண்ணுதான்.”

“உங்கப்பா.”

“அவருக்குத் தெரியாதுங்க. நான்தான்னு தெரியாது.”

“தெரியாமப் போட்டதுதான் ஓய்நிசா உண்மையான மதிப்பெண்.” அவன் சிரிக்க முயன்றான். “மெஷினுக்குப் பிடிச்சது மாமாவுக்குப் பிடிக்காது. மாமாவுக்குப் பிடிச்சது மெஷினுக்குப் பிடிக்காது. ஜனங்களுக்குப் பிடிச்சது ரெண்டு பேருக்குமே பிடிக்காது. நல்ல பாட்டுன்னு ஒண்ணு எங்கேயாவது இருக்கா, இல்ல ஒவ்வொருத்தனும் அவனவன் பாக்கெட்ல ஒண்ணை வெச்சுக்கிட்டுச் சுத்தறானா?”

“நீங்க ரொட்டியைக் கடிச்சுட்டீங்களா?”

“இல்ல.”

“அஞ்சு மணி வரைக்கும் கடிக்காதீங்க. என்மேல ஆணை.”

“அந்தத் தாளை எழுதிக் கொடுத்துடு. வேற என்ன வழி?” என்றான் அவன்.

*

அப்பாவின் வீட்டு முற்றம் முழுக்க மல்பெரிப் பழம் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் கருஞ்சிவப்பு. தாளை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் முடிவு செய்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை.

அம்மா மஸ்தூரா மாவுக் கையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. “காலைத் துடைச்சுட்டு வா. உள்ளேதான் இருக்காரு. காலையில போனவரு மத்தியானம் வந்தாரு. கீரைச் சம்சா பண்ணிக் கொடுத்தேன், தொடலை. நாலு தடவை தன்பூரை எடுத்து நாலு தடவை வெச்சாச்சு. பல்லு வலிக்காரன்கூட இவ்வளவு நடக்க மாட்டான்” என்றாள்.

ஹபிபுல்லா தாழ்ந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தேநீர்க் கெண்டியை எடுத்து அவள் முன்னால் இருந்த கிண்ணத்தில் ஊற்றினார்.

கால் கிண்ணம்தான் ஊற்றினார். அதைப் பார்த்ததும் ஓய்நிசாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. விளிம்புவரை நிரப்பியிருந்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

“நீ காலையில வரலையே” என்றார் அவர்.

“எங்கேப்பா?”

“எங்கேயாவது. பத்தொன்பது பேர் பாடினாங்க. இது அவளா, இது அவளான்னு ஒவ்வொருத்திக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் குரல் வந்ததும் பென்சிலை வெச்சுட்டு எழுந்து வெளியே போயிடணும்னு இருந்தேன். கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.”

“காலு மரத்துப்போச்சாம்” என்றாள் மஸ்தூரா கதவருகிலிருந்து.

ஓய்நிசா கிண்ணத்தை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். “அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்...”

“இரு. முதல்ல நான் கேக்கறேன்.” அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அப்பா இவ்வளவு தடுமாறி அவள் பார்த்ததில்லை. “ஒரு பொண்ணு பாடினா. பதினேழாம் நம்பர். நல்ல தொண்டை. முதல் வரியில எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. மூணாவது வரியில அந்த இடம் வந்தது. நேரா நிமிர்ந்து நிக்குது சுரம்! பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா நிப்பாங்களே, அந்த மாதிரி. நான் நாலு போட்டேன். மத்த ரெண்டு பேரும் எட்டு. ‘என்ன உஸ்தாத், சுத்தமா இருந்ததே’ங்கறாங்க. சுத்தம்தான். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி சுத்தம்.”

“பிடிக்கலைன்னா நாலு போட்டீங்க. அதுல என்ன இப்போ?” என்றாள் மஸ்தூரா. “என் சாப்பாட்டுல உங்களுக்கு உப்புக் குறைச்சல். பக்கத்து வீட்டுக்காரிக்கு உப்பு அதிகம். சட்டி ஒண்ணுதான்.”

“போதுமா போதாதாங்கறதுலதான் சண்டை வரும் மஸ்தூரா. உப்பு இருக்கா இல்லையாங்கறதுல வராது.” அவர் மகள் பக்கம் திரும்பினார். “நான் பிடிக்கலைன்னு போடலை. தப்புன்னு போட்டேன். அதுதான் இப்போ பயமா இருக்கு. எங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் காது போச்சு. அவருக்குத் தெரியவே இல்லை. எல்லாரும் தப்பாப் பாடறாங்கன்னு ரெண்டு வருஷம் திட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கும் அப்படி ஆகியிருந்தா? அந்தப் பொண்ணு ஒரே ஒரு மதிப்பெண்ல தவறிட்டா. அவ வீட்டுல என்ன நிலைமையோ. மத்தியானத்துலேர்ந்து என்னால ஒரு இடத்துல உக்கார முடியலை.”

ஓய்நிசா தலை நிமிரவில்லை. கைப்பைக்குள் தாளின் மூலை அவள் விரலில் குத்திக்கொண்டிருந்தது.

ஹபிபுல்லா தன்பூரை மடிக்கு இழுத்தார். ஆள்காட்டி விரலில், தந்தியை மீட்டும் கம்பி நகத்தை மாட்டிக்கொண்டார்.

“அந்த இடத்தை நீ பாடு” என்றார். “இந்த ஊர்ல அது சரியா நிக்கிற தொண்டை ஒண்ணுதான். நான் வாசிக்க மாட்டேன். வெறும் ஆதார சுரம் மட்டும் தட்டறேன். நீ பாடறது என் காதுல சரியா விழுந்தா, என் காது நல்லாத்தான் இருக்கு. நாலு நாலுதான். நீ பாடியும் எனக்குத் தப்பாக் கேட்டா, காது போச்சு. அஞ்சு மணிக்கு முன்னால போய் அந்தப் பொண்ணுக்கு மாத்திப் போட்டுட்டு வந்துடறேன். அப்புறம் இதைத் தொட மாட்டேன்.”

சுவர்க் கடிகாரத்தில் நாலரை.

அவர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! பச்சை விளக்குச் சுரத்தைப் பாடினால் போதும். தாள் வேண்டாம். நாற்காலி போகாது. ஊர் பேசாது. இல்ஹோம் பையைப் பிரித்து வைப்பான். அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று அப்பா மட்டும் நம்பிக்கொண்டு, மிச்ச நாள் முழுக்க இந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

தந்தி ஒலித்தது. ஆதார சுரம் அறை முழுக்க நிரம்பியது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை லேசாக முன்னால் நீட்டி, முழு உடம்பையும் காதாக்கிக்கொண்டு காத்திருந்தார். காலையில் திரைக்குப் பின்னாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது தடவை. அவளுக்காக.

அவளால் முடியாது. எந்த ரயில் போனாலும் போகட்டும். அப்பாவின் காதை அவரிடமிருந்து பிடுங்க அவளால் முடியாது. சாய்ந்து நிற்கும் பெண்ணை நினைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் கேட்டதை, கதவு நிலையை, போகவா இருக்கவா என்ற அந்தத் தயக்கத்தை நினைத்துக்கொண்டாள். மூச்சிழுத்து, மூன்றாவது வரியை எடுத்து, உச்சிக்குப் போய்த் திரும்பினாள்.

சுரம் நிமிர்ந்து நின்றது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுபடி எடுத்தாள். கீழே, இன்னும் கொஞ்சம் கீழே என்று தொண்டையைக் கெஞ்சினாள். தொண்டை நேரே அந்தப் படியில் ஏறி நின்றுகொண்டது. ஃபோன் இல்லாமலே பச்சை விளக்கு எரிவது கண்ணுக்குள் தெரிந்தது. மூன்றாம் தடவை பாதியில் குரல் உடைந்து நின்றது.

தந்தியின் அதிர்வு அடங்கியது.

ஹபிபுல்லா கண்ணைத் திறந்தார். காது போனவனின் பயம் அந்த முகத்தில் இல்லை. அவர் மகளை மெதுவாக, முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“பதினேழு” என்றார்.

மஸ்தூராவின் கையிலிருந்த தட்டு நிலைப்படியில் இடித்தது. ஓய்நிசா தலையை ஆட்டினாள்.

“நான் சொல்லிக்கொடுத்ததை எங்கேம்மா வெச்சே?” என்று கேட்டார். கோபமில்லை. சின்ன வயதில் அவள் தொலைத்த காதணியை, கையுறையைக் கேட்பாரே, அதே குரல்.

“தொலைச்சுட்டேன்பா.” அவள் விம்மினாள். “மெஷின் இருக்குன்னு நினைச்சேன். அதுக்காக... நாற்பது நாள்... நீங்க இருக்கீங்கன்னு தெரியாதுப்பா.”

அவர் மடியிலிருந்த தன்பூரைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். கழுத்தில் மயிரிழை கீழே தள்ளிக் கட்டியிருந்த அந்த ஒரு நரம்புக் கட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, மெல்ல மேலே நகர்த்தினார். மற்றவர்கள் கட்டுகிற இடம்வரை. மகள் பாடிய இடம்வரை. தந்தியை ஒரு முறை தட்டினார். காதைக் கழுத்துக்கு அருகே கொண்டுபோய்க் கேட்டார். இன்னொரு முறை தட்டினார். அவருடைய உதடு அசைந்தது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அந்த முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

ஓய்நிசா கைப்பையைத் திறந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இது நான் எழுதினது. இன்னும் கொடுக்கலை. நீங்க வேண்டாம்னா கிழிச்சுடறேன்.”

அவர் படித்தார். இரண்டே வரிதான். ஆனால் வெகு நேரம் படித்தார்.

“மஸ்தூரா, என் தொப்பி.”

“என்னங்க பண்ணப் போறீங்க?” அம்மா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். “நாலை அழிச்சு அஞ்சு போடுவீங்களா? இல்ல, எனக்கு என் பொண்ணு குரலே தெரியலைன்னு போய் அந்த ஆளுங்க முன்னால சொல்லப் போறீங்களா?”

“தொப்பியைக் கொடு. மணி நாலு நாற்பது.”

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் காலணியை மாட்டக் குனிந்தவர், அப்படியே குனிந்தபடி, “சம்சா ஆறிப்போகுது, சாப்பிடு. நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போகாதே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மல்பெரியை மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஓடக் கூடாத வேகத்தில் ஓடினார்.

அறையில் தன்பூர் திண்டின்மேல் சாய்ந்து கிடந்தது. ஓய்நிசா அதன் அருகே போனாள். எந்த அவசரத்திலும், வாத்தியத்தைச் சரிசெய்து உறையில் இடாமல் அப்பா அறையை விட்டுப் போனதில்லை. இன்று கட்டு நகர்த்திய இடத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே, நாற்பது வருஷம் நரம்பு அழுத்திய தடம் மரத்தில் வெளுத்து, வெறுமையாகத் தெரிந்தது.

பழைய இடத்துக்குத் தள்ளிவிட அவள் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுத்துக்கொண்டாள்.

ஃபோன் அதிர்ந்தது. இல்ஹோம்.

“என்ன ஆச்சு? எழுதிக் கொடுத்துட்டியா? ஆளுங்க ஸ்டேஷனுக்குக் கிளம்பறாங்க.”

ஓய்நிசா வாசலைப் பார்த்தாள். தெருமுனையில் அந்தக் கறுப்புத் தொப்பி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“ரொட்டி எங்கே இருக்கு?” என்றாள்.

“கையிலதான்.”

“இன்னும் கடிக்காதீங்க.”